விமானியின் ஹெல்மெட்டுக்குள் எந்தக் கண்ணாடி?

சிங்கப்பூரின் தேக்காவில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போன ஜூன் மாதம் ஒரு வெள்ளை ஹெல்மெட் வந்தது. மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் இல்லை. ஹெலிகாப்டர் ஓட்டுபவர்கள் போடுவது. உள்ளே இரண்டு பக்கமும் காதை மூடும் கிண்ணம், வாய்க்கு முன்னால் மைக், நெற்றிக்கு மேலே தெளிவானது ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டு வைசர்கள். கொண்டுவந்தவன் என் சித்தி மகன். இங்கே பிறந்து வளர்ந்து, இப்போது ஆஸ்திரேலியாவில் பெல் 412 ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். கோடை வந்தால் காட்டுத்தீ அணைக்கும் வேலை. விடுப்பில் வந்தவன் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, இதுக்குள்ள போட எது சரி? கண்ணாடியா, கூலிங் கிளாஸா, காண்டாக்ட் லென்ஸா? இல்ல ஒரேயடியா கண் ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?"

அவனுக்கு 43 வயது. இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை: வலக்கண் 325 டிகிரி, இடக்கண் 350, இரண்டிலும் 75 சிலிண்டர், அதாவது கருவிழி சமமாக வளையாததைத் திருத்தும் பவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நாங்கள் 100 டிகிரி என்பது உங்கள் கணக்கில் 1 டயாப்டர்.

அன்று அவனை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சோதித்துப் பார்த்ததையும், அதிலிருந்து எனக்குத் தெளிவானதையும் எழுதுகிறேன். இந்த ஊரில் இது ஒருவரின் கேள்வி இல்லை. தொடக்கநிலை ஆறு முடிப்பதற்குள் நம் பிள்ளைகளில் சுமார் 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. இளையர்களிடையே அது 83 விழுக்காடு. 2001ஆம் ஆண்டு முதல் கிட்டப்பார்வையைத் தடுக்கத் தேசிய அளவில் திட்டமே நடக்கிறது. ஆகவே விமானம் ஓட்ட ஆசைப்படும் சிங்கப்பூர்ப் பிள்ளை அநேகமாகக் கண்ணாடி போட்ட பிள்ளையாகத்தான் இருக்கும்.

பலர் பயப்படுவதுபோல் கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்பதில்லை. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் வகுப்பு மருத்துவத் தரம் தூரப் பார்வைக்குக் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடியோடும் அதை எட்டலாம். மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே. சிக்கல் தொடங்குவது மருத்துவ அறையில் இல்லை, ஹெல்மெட்டை மாட்டிய பிறகுதான்.

முதலில் காதைப் பாருங்கள்

கண்ணாடி வாங்க வருபவர்கள் கண்ணைப் பற்றியும் முகத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். ஹெல்மெட் போடுபவருக்குக் கண்ணாடியின் தலைவிதி காதில் தீர்மானமாகிறது.

தம்பி போட்டிருந்தது தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கச் சொன்னேன். பிறகு கடை ரசீதுத் தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, காதுக் கிண்ணத்தின் ஓர மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில், கண்ணாடிக் கம்பி நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே விட்டேன். தாள் தடையே இல்லாமல் உள்ளே போனது, வெளியே வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டை மறுபடி போட வைத்து அதே இடத்தில் முயன்றபோது தாளின் முனை மடங்கியதே தவிர உள்ளே போகவில்லை. மெத்தை கம்பியின்மேல் ஏறி உட்காரும்போது கம்பிக்கு மேலும் கீழும் முக்கோணமாக ஒரு சந்து திறந்துகொள்கிறது. சத்தத்துக்கு அந்தச் சந்து போதும்.

ஹெலிகாப்டருக்குள் சத்தம் 100 டெசிபலை ஒட்டியது. சிங்கப்பூரின் வேலையிடச் சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். ஹெல்மெட்டின் கிண்ணம் இந்த இடைவெளியை அடைக்கத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கம்பி அதில் சில டெசிபலைத் திருடினாலும் காது தாங்கும் நேரம் பாதியாகவோ கால்வாசியாகவோ போய்விடும்.

இதைச் சொன்னதும் தம்பி யோசித்துவிட்டு, "அதான் ரேடியோவ எப்பவும் கூட்டி வைக்கிறேனா?" என்றான். அதேதான். வெளிச்சத்தம் கசிகிறது, அதற்கு மேல் கேட்க ரேடியோவைக் கூட்டுகிறோம், அந்தச் சத்தமும் சேர்ந்து காதில் விழுகிறது. பார்வைக்குப் போட்ட கண்ணாடி இருபது வருடத்தில் செவியைத் தின்னும். அவன் அப்பாவும் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துச் செவி மந்தமானவர். அதனால் இந்த ஒன்றில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இன்னொன்று வலி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்கு மேலே தோலில் கம்பி படிந்த பள்ளம் சிவப்பாகத் தெரிந்தது. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மணி நேரம் பறந்தால் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும் என்றான். தலைவலியோடு தாழப் பறக்கும் வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விடை புதிதும் இல்லை. 1958இல் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனம் அமெரிக்க விமானப்படைக்காகச் செய்த கண்ணாடியிலேயே அது இருக்கிறது: காதுக்குப் பின்னால் வளைந்து கொக்கி போடாமல், துப்பாக்கிமுனைக் கத்திபோல நேராக நீளும் மெல்லிய கம்பி. ஹெல்மெட்டைப் போட்ட பிறகும் பக்கவாட்டில் செருகலாம், உருவலாம். இன்று நாகரிகத்துக்காகப் பலர் போடும் 'பைலட் கண்ணாடி'யில் பாதிக்கு இந்த நேர்கம்பி கிடையாது. முன்பக்கம் மட்டும் பைலட், பின்பக்கம் சாதாரணக் கொக்கி. வாங்குமுன் கம்பியைத் திருப்பிப் பாருங்கள்.

எங்கள் கடையில் இருந்த மெல்லிய டைட்டானியம் ஃபிரேம் ஒன்றை எடுத்து, கம்பியின் வளைவைச் சூடுகாட்டி நிமிர்த்தி, நுனியைக் காதின் பின்புறம் எட்டாதபடி குறைத்தேன். கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. மறுபடி ரசீதுத் தாள். இம்முறை நுனி மட்டும் தட்டுத் தடுமாறி நுழைந்து நின்றுவிட்டது. முழு அடைப்பு இல்லை, ஆனால் பழைய ஃபிரேமோடு ஒப்பிட்டால் வாசல் கதவுக்கும் சாவித்துவாரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

நேர்கம்பியில் ஒரு குறை உண்டு. ஹெல்மெட் இல்லாதபோது குனிந்தால் கண்ணாடி நழுவும். கொக்கி இல்லையே, பிடித்து நிறுத்துவது காதுக் கிண்ணத்தின் அழுத்தம்தான். ஆகவே அதைப் பறக்கும்போது மட்டும் போடும் கண்ணாடியாக வைத்துக்கொள்ள வேண்டும். வியர்வைக்கு மூக்கில் சிலிகோன் மெத்தை போட்டுவிட்டேன்.

ஓர மெத்தையையும் மாற்றலாம். நுரைக்குப் பதில் ஜெல் நிரப்பிய மெத்தை கம்பியைச் சுற்றிப் படிந்து சந்தை ஓரளவு அடைக்கும். அதைவிடச் சிறந்தது, காதுத் துவாரத்துக்குள்ளேயே செருகும் நுரை அடைப்பான், அதன் நடுவில் சிறு ஒலிபெருக்கி. அமெரிக்க ராணுவத்தின் ஹெலிகாப்டர் விமானிகள் பயன்படுத்துகிறார்கள். ரேடியோக் குரல் நேரே செவிக்குள் வருவதால் கிண்ணத்தின் ஓரத்தில் கம்பி இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமாக இருக்காது. தடித்த ஃபிரேமை விட மனமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கூலிங் கிளாஸா, கறுப்பு வைசரா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஹெல்மெட்டில் கறுப்பு வைசர் இருந்தால் உள்ளே வெள்ளைக் கண்ணாடிதான் போட வேண்டும். கூலிங் கிளாஸ் வேண்டாம்.

காரணம் எளிது. வைசரை ஒரு விரலால் மேலே தள்ளலாம். ஹெல்மெட்டுக்குள் சிக்கிய கூலிங் கிளாஸைக் கழற்ற முடியாது. ஹெலிகாப்டர் ஓட்டுபவரின் வலக்கை திசை திருப்பும் சைக்ளிக் கோலில், இடக்கை உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் கோலில். நம் ஊர்க் காலைவேளையில் சுமத்ரா பக்கமிருந்து கருமேகம் சுவர்போல வருவதை எல்லாரும் பார்த்திருப்போம். பத்து நிமிடத்தில் கண்கூசும் வெயில் போய் அந்திபோல் ஆகிவிடும். தம்பிக்கு அது புகை. வெயிலில் பறந்துகொண்டிருப்பவன் புகையின் நிழலுக்குள் நுழையும்போது கண்ணுக்கு உடனே வெளிச்சம் வேண்டும். இடக்கையை நொடிப்பொழுது எடுத்து வைசரைத் தள்ளிவிட்டு மறுபடி பிடிக்கலாம். கண்ணாடியை உருவி, மடித்து, வைக்க இடம் தேடுவதெல்லாம் நடக்காது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இன்னும் மோசம். கறுப்பு வைசர் பெரும்பாலும் 15 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விடும். நல்ல கூலிங் கிளாஸும் அதே அளவுதான். ஒன்றின்மேல் ஒன்று வந்தால் 15இல் 15 விழுக்காடு, அதாவது இரண்டேகால் விழுக்காடு. கார் ஓட்டக்கூடாது என்று முத்திரை குத்தி விற்கும் நான்காம் வகைக் கறுப்புக் கண்ணாடியே 3 முதல் 8 விழுக்காடு வரை விடுகிறது. அதையும்விட இருட்டாக்கிக்கொண்டு, தாழப் பறக்கையில் குறுக்கே வரும் மின்கம்பியைத் தேடுவதா?

"போலரைஸ்டு போட்டா தண்ணி மினுமினுப்பு போயிடும்ல?" என்று கேட்டான் தம்பி. போய்விடும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். கடையில் காட்டியது இது: அவன் கைப்பேசியின் முன் போலரைஸ்டு லென்ஸைப் பிடித்து மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் திரை பளிச், கால் வட்டம் திருப்பியதும் மையைக் கொட்டியதுபோல் கறுப்பு. விமானத்தின் எல்சிடி திரைகளுக்கும் தலையைச் சாய்க்கும்போது இந்தக் கதி வரலாம். விமானத்தின் முகப்புக் கண்ணாடியில் அடுக்குகளின் அழுத்தக் கோடுகள் வானவில் திட்டுகளாகத் தெரியும். எதிரே வரும் விமானத்தின் இறக்கையில் தெறிக்கும் மினுக்கையும் மறைத்துவிடும். தம்பி அணைக்கட்டில் தாழ இறங்கித் தண்ணீர் அள்ளுபவன். நீரின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று அவனுக்குச் சொல்வதே அந்தச் சிற்றலைகளின் மினுக்குத்தான். மீன்பிடிப்பவருக்கு நல்ல கண்ணாடி அவனுக்குப் பகை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் விமானிகளுக்குப் போலரைஸ்டு வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸைப் பற்றியும் நிறையப் பேர் கேட்பார்கள். அதைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். விமானத்தின் முகப்பு அதைப் பெருமளவு தடுக்கிறது, வைசர் மிச்சத்தையும் தடுக்கிறது, ஆக லென்ஸ் பாதிதான் கறுக்கும். அதற்கும் மேலே, அந்த லென்ஸ் குளிரில் நன்றாகக் கறுக்கும், வெப்பத்தில் சோம்பும். நம் ஊர்ச் சூட்டில் சாலையிலேயே அது திருப்தி தருவதில்லை.

கூலிங் கிளாஸுக்கும் இடமுண்டு, ஹெட்செட் மட்டும் மாட்டிச் சின்ன விமானம் ஓட்டுபவர்களுக்கு. இங்கே சிலேத்தார் விமான நிலையத்தில் பறக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அந்த ரகம். அவர்களுக்கு வைசரே கிடையாது. பவர் போட்ட, போலரைஸ்டு இல்லாத, சாம்பல் நிறம், 15 விழுக்காடு வெளிச்சம், மெல்லிய நேர்கம்பி. சாம்பல் எதற்கென்றால் அது நிறங்களை மாற்றிக் காட்டாது. எச்சரிக்கை விளக்கு மஞ்சளா சிவப்பா என்பதில் குழப்பம் வரக்கூடாது. ஹெட்செட்டின் மெத்தைக்கும் காதுக்கம்பிக் கதை அப்படியே பொருந்தும். தெளிவான வைசர் மட்டும் உள்ள ஹெல்மெட் வைத்திருப்பவர் கறுப்பு வைசருக்குச் செலவழிப்பதே மேல், கிடைக்காத மாடல் என்றால் மட்டும் இந்தக் கண்ணாடி.

ஃபிரேமின் அளவையும் வைசரை வைத்தே முடிவு செய்யுங்கள். பெரிய கண்ணீர்த்துளி வடிவ ஃபிரேமை மாட்டி வைசரை இறக்கியபோது அதன் கீழ் விளிம்பு லென்ஸின்மேல் 'டக்'கென்று தட்டியது. நாளுக்கு இருபது தடவை இப்படித் தட்டினால் லென்ஸிலும் கீறல், வைசரிலும் கீறல். விழுந்து அடிபட்டால் அந்த விளிம்பு கண்ணாடியை முகத்தில் அழுத்தும். மிகச் சின்ன ஃபிரேமும் ஆகாது, கடைக்கண்ணால் பார்க்கும்போது விளிம்பு குறுக்கே நிற்கும். மூன்று ஃபிரேம் மாற்றி, நடுத்தர உயரமுள்ள ஒன்றில் வைசர் தொடாமல் இறங்கியது. இதற்காகத்தான் ஹெல்மெட்டைக் கடைக்கே கொண்டுவரச் சொல்கிறேன். கூச்சப்படாதீர்கள், கடைக்காரர் சந்தோஷமாகத்தான் பார்ப்பார்.

லென்ஸ் பொருளில் டிரைவெக்ஸ் என்ற உடையாத பிளாஸ்டிக் போட்டேன். பாலிகார்பனேட்டும் உடையாது, ஆனால் ஓரத்தில் நிறம் சிதறும். கண்ணாடிக் கல் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

43 வயது செய்யும் வேலை

வெள்ளெழுத்து இன்னும் அவனுக்கு முழுதாக வரவில்லை, வாசலில் நிற்கிறது. கிட்டத்துக்கு 100 டிகிரி கூடுதல் தேவை. மற்ற எல்லா முடிவையும் புரட்டிப்போட்டது இந்த 100தான்.

காண்டாக்ட் லென்ஸை எடுத்துக்கொள்வோம். காதுக் கம்பி இல்லை, வைசர் தட்டாது, புழுக்கத்தில் பனி படியாது, பக்கப் பார்வைக்குத் தடையில்லை. ஹெல்மெட்டுக்காகவே செய்ததுபோல இருக்கும். 22 வயதுப் பையனோ பெண்ணோ வந்து கேட்டால், தினமும் மாற்றும் மென் லென்ஸைத்தான் முதலில் சொல்வேன். சில ஹெலிகாப்டர்களில் அது கிட்டத்தட்டக் கட்டாயம் என்றே சொல்லலாம். அப்பாச்சி போர் ஹெலிகாப்டரில் வலக்கண்ணுக்கு முன்னால் ஒரு குட்டித் திரை வந்து நிற்கும். நடுவில் கண்ணாடி இருந்தால் அது கண்ணை நெருங்க முடியாமல் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும்.

ஆனால் அனைத்துலகத் தரம் காண்டாக்ட் லென்ஸுக்கு மூன்று நிபந்தனை வைக்கிறது: ஒரே பவர் கொண்டதாக, நிறமற்றதாக, கண் நன்றாகத் தாங்குவதாக இருக்க வேண்டும். தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் வரும் வகைக்கு அதில் இடமில்லை. ஆக, தூரத்துக்கு லென்ஸ் போட்ட தம்பி, வரைபடம் படிக்க மேலே ஒரு படிக்கும் கண்ணாடி மாட்ட வேண்டும். மறுபடி கம்பி, மறுபடி காது! போதாததற்கு, கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியிலிருந்து காண்டாக்ட் லென்ஸுக்கு மாறினால், கிட்டத்தில் பார்க்கக் கண் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். வாசலில் நிற்கும் வெள்ளெழுத்தை நாமே கைபிடித்து உள்ளே அழைப்பதுபோல.

அவன் வேலைக்கு இன்னும் இரண்டு தடை. புகை. பிறகு, தரையிறங்கும்போது சுழலி கிளப்பும் தூசி. ஒரு மணல் துகள் லென்ஸுக்கு அடியில் போனால் கண் தானாக மூடிக்கொள்ளும். சிலிண்டர் பவருக்கான லென்ஸ் கண்ணில் சுழன்றுவிட்டால் எழுத்து கலங்கும்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. 2005, 2006இல் சிங்கப்பூரில் காண்டாக்ட் லென்ஸ் போட்ட 66 பேருக்குக் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வந்தது. லென்ஸ் ஊறவைக்கும் ஒரு கரைசலோடு தொடர்புபட்டது என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் நான் தினமும் தூக்கியெறியும் வகையைத் தவிர வேறெதையும் விமானிகளுக்குக் கொடுப்பதில்லை. முகாமிலும் கொட்டகையிலும் தங்குபவர்கள் லென்ஸைக் கழுவி, ஊறவைத்துப் பராமரிக்க முடியாது.

கண் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது மருத்துவர் சொல்ல வேண்டியது. இளம் வயதில், பவர் நிலைத்த பிறகு, அது பலருக்கு நல்ல வழி. நாசாவே 2007இல் விண்வெளி வீரர்களுக்கு அதை ஏற்றுக்கொண்டது. முறைகளுக்குள் வேறுபாடு இருக்கிறது. லாசிக்கில் கருவிழியில் ஒரு மடல் வெட்டித் திறக்கிறார்கள், கண்ணில் பலத்த அடி பட்டால் பல வருடம் கழித்தும் அது நகரலாம். மேற்பரப்பைச் சீவும் பிஆர்கேயில் மடல் இல்லை, ஆறுவதற்குக் கூடுதல் நாள் ஆகும், வலியும் உண்டு. ஸ்மைல் என்ற முறையில் சின்னக் கீறல்தான். ஆரைபோலக் கீறும் பழைய முறை ஒன்று இருந்தது. அது செய்துகொண்ட ஒருவருக்கு 1996 மே மாதம் எவரெஸ்டில் உயரம் ஏற ஏறப் பார்வை மங்கிப்போனது. உயரத்தில் அந்தக் கீறல்கள் கருவிழியின் வடிவத்தை மாற்றிவிட்டன. இப்போதைய முறைகள் அப்படியில்லை. ஆனாலும் எந்த முறை, எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதை உரிமம் தரும் ஆணையத்திடமோ, ஆகாயப்படையில் சேர்பவர் என்றால் அதன் மருத்துவக் குழுவிடமோ முதலில் கேட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டும். செய்துவிட்டுக் கேட்காதீர்கள்.

தம்பிக்கு நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அந்த 100தான். இன்று கண்ணாடியைக் கழற்றினால் 30 செண்டிமீட்டர் தூரத்தில் பொடி எழுத்தும் அவனுக்குப் பளிச்சென்று தெரிகிறது. கிட்டப்பார்வை கொடுத்த ஒரே நன்மை அது. ஆபரேஷன் அதை எடுத்துக்கொண்டுவிடும். சீக்கிரமே படிக்கும் கண்ணாடி மாட்டி, கம்பியோடு ஹெல்மெட்டுக்குள் திரும்பி வருவான்.

ஆகவே ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும். புரோகிரசிவ் லென்ஸில் கிட்டத்துக்கான பகுதி கீழே இருக்கும். மேசைக்கும் செய்தித்தாளுக்கும் சரி. பெல் 412இல் விமானியின் தலைக்கு மேலேயும் விசைகளும் சர்க்கியூட் பிரேக்கர்களும் நிறைந்த பலகை இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும்போது கண் லென்ஸின் மேல்பகுதி வழியாகத்தான் போகும், அங்கே இருப்பதோ தூரப் பவர். சோதித்துப் பார்க்கத் தம்பியை நாற்காலியில் உட்கார வைத்தேன். மருந்துச் சீட்டில் வரும் பொடி எழுத்து அச்சடித்த தாளை அவன் நெற்றிக்கு மேலே, நீட்டிய கை எட்டும் தூரத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெல்மெட்டோடு அண்ணாந்து, தூரப் பவர் வழியாகவே எல்லா வரியையும் படித்துவிட்டான். கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் தயங்கினான். 43இல் இவ்வளவு போதும். 47, 48இல் அந்தத் தயக்கம் முதல் வரிக்கே வந்துவிடும். அப்போது மேலேயும் கீழேயும் கிட்டத்தில் படிக்க இரண்டு ஜன்னல் வைத்த லென்ஸ் போட வேண்டியிருக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் விமானிகளுக்கும் தலைக்குமேல் வேலை பார்க்கும் மின்வினைஞர்களுக்கும் அதைவிட நல்லது நான் கண்டதில்லை.

இரவில் இருட்டிலும் பார்க்க உதவும் பச்சை வெளிச்சக் கருவி (நைட் விஷன்) மாட்டிப் பறப்பவர்களுக்கு ஒன்று மட்டும். அதன் கண்வில்லையில் பவரைத் திருகிச் சரிசெய்யலாம், அதனால் கண்ணாடி தேவையில்லை என்று சிலர் நினைப்பார்கள். சிலிண்டர் பவரை அது திருத்தாது. கருவிக்கு அடியில் கண்ணைத் தாழ்த்திப் பலகையைப் படிப்பதும் வெறுங்கண்தான். கண்ணாடி வேண்டும். முகத்தோடு ஒட்டி உட்காரும் ஃபிரேமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் 40 டிகிரிக் கோணப் பார்வை வட்டத்தின் ஓரம் தேயும்.

பனி படிவதைத் தம்பியே கேட்டான். குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி மேலே வந்ததும் கண்ணாடி வெள்ளையாகிவிடும் அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. குளிர்ந்த லென்ஸ், ஈரக் காற்று. தெளிவான வைசரை முழுதாக இறக்கிவிட்டு ஓட்டும்போது மூச்சும் வியர்வையும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். பனி படியாத பூச்சுத் துணி ஒன்று கொடுத்தேன். அதோடு, பறப்பதற்கு முன் கண்ணாடியைக் குளிரூட்டிய அறையில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்திருக்கச் சொன்னேன். லென்ஸ் உடல் சூட்டுக்கு வந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியில் அவன் எடுத்துப்போனவை: நேர்கம்பி டைட்டானியம் ஃபிரேமில் வெள்ளை புரோகிரசிவ் ஒன்று, அதே அளவில் அதே பவரில் இன்னொன்று, தரையில் போட வளைந்த கொக்கியுள்ள பழைய ஃபிரேமுக்குப் புதிய லென்ஸ். தினமும் மாற்றும் காண்டாக்ட் லென்ஸ் பத்து ஜோடி வேண்டுமென்று கேட்டான், நீச்சலைத் தவிர வேறு விளையாட்டுகளுக்கு. கொடுத்தேன். இரண்டாவது கண்ணாடி எங்கே வைப்பாய் என்று கேட்டதற்குப் பையில் என்றான். பை பின்னிருக்கையில் கிடக்கும், பறக்கும்போது எட்டாது. பறக்கும் உடையின் இடது தோள் பையில், கெட்டியான உறைக்குள் வைக்கச் சொன்னேன். அங்கேயே நின்று, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இடக்கையால் உறையைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கம்பியைக் கிண்ணத்துக்கு அடியில் செருகிப் பார்த்தான். முதல் தடவை லென்ஸில் கட்டைவிரல் ரேகை பதிந்தது. நாலாவது தடவை சுத்தமாக உள்ளே போனது.